பழைய காரில் கால் மைல்: எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஜோடிப் பொருத்தம் பார்ப்பது எப்படி

காரின் பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுங்கள். இன்னொன்று தரையில் அழுந்தி நிற்கட்டும். ஹேண்ட் பிரேக் வேண்டாம்; முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தால் போதும். கியர் நியூட்ரலில். தூக்கிய சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கம் போகும் ஜாயிண்ட் ஷாப்டில் ஒரு கோடு. சக்கரத்தைக் கையால் இருபது சுற்று சுற்றுங்கள். ஷாப்ட் எத்தனை சுற்று போனது என்று கீழே படுத்திருப்பவர் எண்ணட்டும். 39 வந்தால் பத்தால் வகுங்கள்: உங்கள் கிரவுன் பினியன் (ஷாப்டின் சுற்றைப் பின்சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் கடைசிக் கியர் ஜோடி) விகிதம் 3.9. ஒரு சக்கரம் நிற்கும்போது மற்றது இரண்டு மடங்கு சுற்றும். அதனால்தான் இருபது சுற்றுக்குப் பத்து என்ற கணக்கு.

சேலத்தில் பழைய காரை டிராக் (drag) ரேஸுக்கு, அதாவது நின்ற இடத்திலிருந்து கால் மைல் நேராக ஓடும் போட்டிக்குத் தயார் செய்கிறவர்கள் யாரும் இந்தச் சாக்பீஸிலிருந்து ஆரம்பித்து நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் முதல் கேள்வி "எந்த எஞ்சின் போடலாம்?" என்பதுதான். நானும் அப்படித்தான் கிளம்பினேன். என் கான்டெஸா காருக்கு என்று ஒரு எஞ்சினை வாங்கி வந்து இறக்கிய பிறகுதான் கியர்பாக்ஸ் எங்கே, ஹவுசிங் (கிரவுன் பினியன் உட்காரும் பின் ஆக்ஸில் கூடு) தாங்குமா என்ற யோசனையே வந்தது. அந்த எஞ்சின் ஒன்றரை வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. லேத் பட்டறை அண்ணன் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்: "தம்பி, எஞ்சின் இருக்கட்டும். டயர் என்ன போடப் போறே?"

அவர் கேட்ட வரிசைதான் சரி. தரையைத் தொடுவது டயர். அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: டயர், ஹவுசிங், கியர்பாக்ஸ், கடைசியில் எஞ்சின். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

கையில் என்ன கார்?

நம் பக்கம் கிடைக்கிற பழைய பின்சக்கர டிரைவ் கார்கள் நாலைந்துதான். அம்பாசடரில் நெடுங்காலம் இருந்தது பிரிட்டனின் பிஎம்சி கம்பெனியுடைய 1489 சிசி எஞ்சின், சுமார் 50 எச்.பி. 1984ல் வந்த கான்டெஸாவும் முதலில் அதே எஞ்சினோடுதான் வந்தது. உடம்பு வாக்ஸ்ஹால் காருடையது, உள்ளே அம்பாசடர் இதயம். பெரிய ஆளுக்குச் சின்னப் பையன் சட்டை மாதிரி. பிறகு வந்த கான்டெஸா கிளாசிக்கில் இசுஸு 1.8 லிட்டர் எஞ்சினும் 5 கியர் பாக்ஸும் வந்தன, 88 எச்.பி. பிரீமியர் பத்மினி 1089 சிசி. எஞ்சின் சின்னது, காரும் இலேசானது. பிரீமியர் 118 என்.இ. காரில் நிசானின் 1171 சிசி எஞ்சின்.

எந்தக் காரானாலும் ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருக்கிற எடையை நம்பாதீர்கள். சேலத்தில் எடைமேடைக்குப் பஞ்சமா? ஆத்தூர் ரோட்டில் மரவள்ளிக் கிழங்கு லோடு வண்டிகளுக்கு நடுவில் நானும் காரை வரிசையில் விட்டேன். மேடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். முதலில் முழுக் காரையும் ஏற்றுங்கள். பிறகு பின்சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்குமாறு நிறுத்துங்கள். ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்தே இருக்கட்டும். லாரிக்கான மேடை, பத்து கிலோ முன்னே பின்னே காட்டும். நம் கணக்குக்கு அது போதும். இரண்டாவது எண்தான் முக்கியம். பின்சக்கரத்தில் எத்தனை கிலோ நிற்கிறது என்பதை வைத்துத்தான் டயர் எவ்வளவு பிடிக்கும் என்று சொல்ல முடியும்.

எவ்வளவு நேரம், எவ்வளவு எச்.பி.?

கால் மைல் என்பது 402 மீட்டர். எடையும் எச்.பி.யும் தெரிந்தால் நேரத்தை ஏறக்குறைய சொல்லிவிடலாம். அமெரிக்காவில் வெகுகாலமாகப் புழங்கும் சூத்திரம் இது, கிலோவுக்கு மாற்றிச் சொல்கிறேன்: எடையை (ஆளோடு சேர்த்து) எச்.பி.யால் வகுத்து, அதற்குக் கனமூலம் எடுத்து, 7.58ஆல் பெருக்கினால் வினாடி. அதே கனமூலத்தால் 289ஐ வகுத்தால், கோட்டைத் தாண்டும்போது உள்ள வேகம், மணிக்குக் கி.மீ. கணக்கில்.

கான்டெஸா ஆளோடு 1300 கிலோ, 88 எச்.பி. என்றால் 18.6 வினாடி, 118 கி.மீ. அதே கார் 150 எச்.பி.யில் 15.6 வினாடி, 141 கி.மீ. 200 எச்.பி.யில் 14.1 வினாடி. பத்மினி ஆளோடு 970 கிலோ, அதில் 85 எச்.பி. எஞ்சின் இறக்கினால் 17.1 வினாடி. கவனியுங்கள்: கான்டெஸாவைவிட 3 எச்.பி. குறைவு, ஆனால் ஒன்றரை வினாடி முன்னால். கான்டெஸாவின் கனமான பம்பர், பின்சீட், ஸ்பேர் வீல் எல்லாம் கழற்ற ஒரு ரூபாய் செலவில்லை. எஞ்சின் தேடும் முன் ஸ்பேனரை எடுங்கள்.

இந்தக் கணக்கு டயர் நன்றாகப் பிடித்து, கியரும் பொருந்தியிருந்தால் வரும் நேரம். அது இரண்டும் இல்லாவிட்டால் ஒரு வினாடி, இரண்டு வினாடி சாதாரணமாகப் போய்விடும். அதனால் அடுத்த இரண்டு பகுதிகளில்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது.

முதல் கியர்: டயர் தாங்குமா?

என் காரின் பின்சக்கரங்களில் 610 கிலோ நின்றது. கிளம்பும்போது எடை பின்னால் சாயும், 700 என்று வைத்துக்கொள்வோம். நல்ல ரோட்டு டயர் அதில் 0.9 பங்கு பிடிக்கும்: 630 கிலோ. இதற்கு மேல் தள்ளினால் டயர் சுற்றும், புகை வரும், படம் எடுக்க அழகாக இருக்கும், நேரம் மட்டும் வராது.

டயரில் வரும் தள்ளு விசை: எஞ்சின் டார்க், அதாவது முறுக்கு விசை (கிலோகிராம்-மீட்டரில்; பட்டறைப் பேச்சில் கிலோ மீட்டர், தூரம் இல்லை) × முதல் கியர் × கிரவுன் பினியன் × 0.85 ÷ டயரின் ஆரம். அந்த 0.85, வழியில் தேய்மானமாகப் போகும் பங்குக்காக. 195/60 ஆர்15 டயரின் உயரம் 615 மி.மீ., ஆரம் 0.3075 மீட்டர்.

1.8 லிட்டர் எஞ்சினுக்குச் சுமார் 14 கிலோ மீட்டர் டார்க் என்று கொள்ளுங்கள். முதல் கியர் 3.5, கிரவுன் பினியன் 3.9 என்றால் 528 கிலோ வருகிறது. டயர் 630 தாங்கும், சரி. அதே கியரோடு 20 கிலோ மீட்டர் எஞ்சின் போட்டால் 755. போச்சு. கம்பெனி எஞ்சினுக்கு உதவிய முதல் கியர் இப்போது எதிரியாகிவிட்டது. முதல் கியரை 3.1 ஆக்கி, கிரவுன் பினியனை 3.55 ஆக்கினால் 608, எல்லைக்குள். டர்போ போட்டு 25 கிலோ மீட்டர் ஆக்க ஆசைப்பட்டால் முதல் கியர் 2.5க்கு இறங்க வேண்டும்.

ஆரம்பக்காரர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். முதல் கியர் "இழுவை" அதிகமாக இருந்தால்தானே நல்லது? லாரிக்கு நல்லது. டயர் தாங்குகிற அளவுக்கு மேல் இழுவை வைத்து என்ன செய்யப் போகிறோம்? அதோடு, கிளட்சைச் சட்டென்று விட்டால் எஞ்சின் முனையில் சுற்றிக்கொண்டிருக்கும் கனமான சக்கரமான பிளைவீலின் வேகமும் டயருக்கு வந்து சேரும். அது இந்தக் கணக்கில் இல்லை. அதனால் எல்லையை ஒட்டி நிற்காமல் கொஞ்சம் கீழேயே நில்லுங்கள்.

கடைசிக் கோடு: எந்தக் கியரில் தாண்டுவீர்கள்?

கோட்டைத் தாண்டும் நேரத்தில் எஞ்சின் தன் உச்ச எச்.பி.யை இப்போதுதான் தொட்டுத் தாண்டியிருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் எஞ்சினின் பலத்தை முழுதாகப் பயன்படுத்தவில்லை. ரொம்ப மேலே இருந்தால் எஞ்சின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை.

டயரின் சுற்றளவை அளக்க ஒரு வழி: டயரில் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு போட்டு, ஆள் உட்கார்ந்த காரை ஒரு சுற்று தள்ளி, டேப் வையுங்கள். 1.93 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 150 எச்.பி. கார் 141 கி.மீ.யில் தாண்டும் என்று மேலே பார்த்தோம். அந்த வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 1218 சுற்று. எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் தாண்ட வேண்டுமென்றால், மொத்த விகிதம் 6000 ÷ 1218, அதாவது 4.93.

இப்போது கையில் உள்ள பாக்ஸைப் பாருங்கள். மூன்றாவது கியர் 1.4, நாலாவது 1.0, கிரவுன் பினியன் 3.9. மூன்றாவதில் மொத்தம் 5.46, தாண்டும்போது 6650 ஆர்பிஎம், எஞ்சின் தாங்காது. நாலாவதில் 3.9, தாண்டும்போது வெறும் 4750, சத்து இல்லை. அதாவது கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மூன்றிலிருந்து நாலுக்கு மாற்றியே ஆக வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் பழகாத கைக்கு அரை வினாடி வரை தின்னும். ஒரு கியர் மாற்றத்தை முழுதாக வீணாக்குகிற பொருத்தம் இது.

மருந்து பெரிதாக ஒன்றுமில்லை. கிரவுன் பினியன் 3.55 ஆனால் மூன்றாவதில் மொத்தம் 4.97. தாண்டும்போது 6050 ஆர்பிஎம். ஒரு மாற்றம் மிச்சம். முதல் கியர் கணக்கும் இதே 3.55ஐத்தான் கேட்டது. இரண்டு கணக்கும் ஒரே எண்ணில் வந்து முட்டுகிறதென்றால், நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். கிரவுன் பினியன் கிடைக்காவிட்டால் டயர் உயரத்தை மாற்றிப் பாருங்கள். பலன் அதேதான், ஆனால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

ஐந்தாவது கியரைப் பற்றி யாராவது பெருமையாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள். கால் மைலில் அதற்கு வேலை இல்லை.

கியர்பாக்ஸ்: அமெரிக்காக்காரன் ஏன் இரண்டு கியரோடு ஓட்டுகிறான்?

பழைய கார் டிராக் ரேஸ் என்றாலே மனதில் வருவது எட்டு சிலிண்டர் உள்ள அமெரிக்க வி8 எஞ்சின்கள்தான். அங்கே டிராக் ரேஸ் நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பு 1951ல் தொடங்கியது. 1955ல் செவ்ரோலெட்டின் சின்ன பிளாக் வி8 வந்தது, 265 கன அங்குலம். 1967ல் அதன் 350 கன அங்குல வடிவம், அதாவது 5.7 லிட்டர். இப்படிப்பட்ட எஞ்சின்களோடு சேரும் ஆட்டோமேட்டிக் பாக்ஸ்கள் அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். டிஎச்350, மூன்று கியர், 2.52, 1.52, 1.00. அதைவிட முரட்டு டிஎச்400, முதல் கியர் 2.48. கிரைஸ்லர்காரர்களுக்கு 727, முதல் கியர் 2.45. ஃபோர்டுக்காரர்களுக்கு சி4, 2.46. நான்கு வெவ்வேறு பாக்ஸ், முதல் கியர் எல்லாமே 2.5 பக்கத்தில். நாம் கான்டெஸாவுக்கு டர்போ போட்டுக் கணக்கு பார்த்தபோது வந்த அதே எண். டார்க் நிறைய உள்ள எஞ்சினுக்கு டயர் அதற்கு மேல் விடாது, அவ்வளவுதான் விஷயம்.

பவர்கிளைடு இன்னும் வேடிக்கை. 1950ல் வந்த ஆட்டோமேட்டிக் பாக்ஸ், இரண்டே கியர், முதல் கியர் 1.76 அல்லது 1.82. பெரிய எஞ்சின் உள்ள இலேசான காரில் இன்றும் அதைத் தேடிப் போடுகிறார்கள். எடை குறைவு, சுற்றுவதற்கு எஞ்சினிடம் கேட்கும் பலமும் குறைவு, ஓட்டம் முழுக்க ஒரே ஒரு மாற்றம். ஒவ்வொரு ஓட்டமும் ஒரே மாதிரி வரும். தன் நேரத்தை முன்கூட்டியே சொல்லி ஓட்டும் போட்டிகளில் அதுதான் வேண்டும்.

இதைப் பார்த்து நம் காருக்கும் ஆட்டோமேட்டிக் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் இருப்பது டார்க் கன்வெர்டர், எண்ணெய்க்குள் சுற்றும் இரண்டு விசிறி மாதிரி. கார் நிற்கும்போதே எஞ்சினைக் குறிப்பிட்ட ஆர்பிஎம் வரை ஏறவிடும்; அதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். ஸ்டால் எண்ணை எஞ்சினின் டார்க் ஏறத் தொடங்கும் இடத்துக்குப் பொருந்தும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாப்டை மாற்றி, 3500 ஆர்பிஎம்முக்குக் கீழே உயிரில்லாத எஞ்சினுக்குக் கம்பெனி கன்வெர்டரை மாட்டினால், பச்சை விளக்கு எரிந்த பிறகும் கார் யோசித்துக்கொண்டிருக்கும். கியர்களுக்கு நடுவில் பெரிய இடைவெளி இருந்தாலும் கன்வெர்டரின் வழுக்கல் அதை மூடிவிடும். இரண்டு மூன்று கியரோடு அவர்களுக்குக் காலம் ஓடுவதன் ரகசியம் இதுதான்.

நம் சின்ன எஞ்சினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 150 எச்.பி.யில் கன்வெர்டர் தின்னும் பங்கு கண்ணுக்குத் தெரியும். வேண்டிய ஸ்டாலில் கன்வெர்டர் செய்து வாங்குவதும் இங்கே லேசான காரியமில்லை. என் முடிவு: 200 எச்.பி.க்குக் கீழே மேனுவல் பாக்ஸ், யோசனையே வேண்டாம். ஆனால் இடைவெளியைப் பாருங்கள். 3.5லிருந்து 2.1க்கு விழும் பாக்ஸில் 6000ல் மாற்றினால் எஞ்சின் 3600ல் போய் விழும். 3.1லிருந்து 2.1 என்றால் 4060. உங்கள் எஞ்சின் 4000க்கு மேல்தான் உயிர் பெறும் என்றால், இந்த வித்தியாசம் ஒவ்வொரு ஓட்டத்திலும் உங்களைக் காப்பாற்றும். விகிதம் தெரியாத பாக்ஸ் என்றால் மேசையில் வைத்து அதே சாக்பீஸ் வித்தைதான்: உள்ளே போகும் ஷாப்டைச் சுற்றி, வெளியே வரும் ஷாப்டை எண்ணுங்கள்.

இப்போது எஞ்சின்

ஏற்காடு ரோடு நமக்கு ஒரு தப்பான பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியரில் அடியிலிருந்து இழுக்கும் டீசல் எஞ்சின்தான் அங்கே ராஜா. அதனால் நம் ஊரில் எஞ்சினின் பலம் என்றாலே "அடி இழுவை". கான்டெஸாவுக்கு டீசல் எஞ்சின் ஏற்றலாம் என்று சொல்லாத மெக்கானிக் இல்லை. மலைக்கு ஏற்றட்டும். கால் மைலில் கார் கிளம்பிய முதல் இரண்டு வினாடிக்குப் பிறகு எஞ்சின் அடிப் பக்கம் வரவே வராது. 4500ல் மூச்சு முட்டும் டீசலுக்கு அடிக்கடி கியர் மாற்ற வேண்டும், மூக்கும் கனமாகும். நமக்கு வேண்டியது மாற்றிய பிறகு விழும் ஆர்பிஎம்மிலிருந்து மாற்றும் ஆர்பிஎம் வரை, மேலே சொன்ன கணக்கில் 4000 முதல் 6000 வரை, சராசரி எச்.பி. அதிகமான எஞ்சின்.

நீளவாக்கில் உட்காரும், பின்சக்கரம் ஓட்டும், பாக்ஸோடு சேர்ந்தே கிடைக்கும் பெட்ரோல் எஞ்சின் நம் ஊரில் என்னென்ன?

பத்மினிக்கு மாருதி ஜிப்ஸியின் 1298 சிசி எஞ்சின். எஸ்டீமில் குறுக்காக இருக்கும் அதே குடும்பம்தான், ஆனால் ஜிப்ஸியில் நீளவாக்கில், 5 கியர் பாக்ஸோடு. அதன் ஃபோர் வீல் பெட்டி தனியாக, குட்டி ஷாப்ட் ஒன்றில் இணைந்திருக்கும். அதைக் கழற்றிவிட்டால் பாக்ஸ் மட்டும் சாதாரணப் பின்சக்கர டிரைவ் பாக்ஸ் ஆகிவிடும். அலுமினியம் எஞ்சின், முன்பக்கம் கனக்காது. இதைவிட நேரான பொருத்தம் எனக்குத் தெரியவில்லை.

கான்டெஸாவுக்கு நான் கடைசியில் பிடித்துக்கொண்டது பெட்ரோல் இன்னோவாவின் 2 லிட்டர். 136 எச்.பி., டார்க் சுமார் 18.5 கிலோ மீட்டர், பின்சக்கர டிரைவ், 5 கியர். எல்லோரும் டீசல் இன்னோவாவைத் துரத்துவதால் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கணக்கில் 16.1 வினாடி. ஆனால் அது இஞ்செக்‌ஷன் எஞ்சின். ஒயரிங், கம்ப்யூட்டர், ஃபுயல் பம்ப் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து ஒன்றாக எடுக்க வேண்டும். ஒயரை நடுவில் வெட்டி எடுத்து வந்தால் அதை ஒட்டுவதிலேயே ஒரு மாதம் போகும்.

அசல் இசுஸுவையே வைத்துக்கொண்டு வேலை பார்ப்பதிலும் தப்பில்லை. ஹெட்டைச் சீவி கம்ப்ரஷன் ஏற்றி, கார்புரேட்டரையும் கேமையும் மாற்றினால் பெல் ஹவுசிங் (எஞ்சினையும் பாக்ஸையும் இணைக்கும் கூடு) தலைவலி இல்லாமல் ஓட்டலாம். பழைய காரைப் பழைய காராகவே பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதுதான் வழி. எஸ்டேட் ஷெட்டில் தாத்தா காலத்து அமெரிக்கக் கார் வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை இன்னும் சுருக்கம்: அதை வெட்டாதீர்கள்.

கார்புரேட்டர் வைத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1500. மேலே காற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிவு. நண்பர் ஒருவர் ஏற்காட்டு வீட்டு வாசலில் வைத்து, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டைக் குறைத்து, எஞ்சின் அருமையாகப் பாடுகிறது என்று சந்தோஷமாகக் கீழே இறங்கினார். கீழே காற்று அடர்த்தி. அதற்கு அந்தப் பெட்ரோல் போதாது. முழு ஆக்சிலரேட்டரில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் ஓட்டையாகும், அவருக்கும் ஆனது. எந்த ஊரில் ஓடப்போகிறீர்களோ அந்த ஊர்க் காற்றில் ஜெட் பாருங்கள்.

இரண்டையும் சேர்ப்பது

எஞ்சினும் பாக்ஸும் ஒரே வண்டியிலிருந்து வந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். வெவ்வேறு என்றால் நடுவில் அடாப்டர் பிளேட் வேண்டும். இங்கேதான் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

நான் முதலில் வாங்கிய எஞ்சினை, ஒன்றரை வருடம் கழித்து, கான்டெஸா பாக்ஸோடு சேர்க்க ஒரு பட்டறையில் பிளேட் அடித்தேன். 12 மி.மீ. இரும்பு, போல்ட் ஓட்டைகள் எல்லாம் பார்க்கக் கச்சிதம். மாட்டினோம், ஓடியது. மூன்றாவது வாரம் முதல் கியர் விழ அடம் பிடித்தது. அப்புறம் கிளட்சை மிதித்தால் ஒரு கீச்சுச் சத்தம். பாக்ஸை இறக்கினால் கிராங்க் முனையில் பாக்ஸ் ஷாப்டைத் தாங்கும் பைலட் புஷ் முட்டை வடிவத்தில் தேய்ந்திருக்கிறது, கிளட்ச் பிளேட்டின் நடுப் பல்வரிசை (ஸ்பிளைன்) ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருக்கிறது. காரணம்: பிளேட்டில் டோவல் பின் வைக்கவில்லை. போல்ட் இறுக்கத்தான், மையம் பிடிப்பது டோவல். போல்ட் ஓட்டையில் இருக்கும் இடம் அளவுக்கு பாக்ஸ் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. அவசரப்படுத்தியது நான்தான், பட்டறையைச் சொல்லிக் குற்றமில்லை.

இரண்டாம் முறை லேத் அண்ணன் சொன்னபடி செய்தோம். பிளைவீலில் டயல் கேஜைக் காந்தத்தோடு ஒட்டி, அதன் முள் பெல் ஹவுசிங்கின் நடு ஓட்டை விளிம்பைத் தொடுமாறு வைத்து, கிராங்கை மெதுவாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். முள் மொத்தமாக எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். முதல் தடவை 0.6 மி.மீ. ஆடியது. ஹவுசிங்கை மெல்லத் தட்டித் தட்டி 0.1க்குள் கொண்டுவந்த பிறகுதான் டோவலுக்கு ஓட்டை போட்டோம். மதியம் ஆரம்பித்த வேலை, பட்டறை சாத்தும்போதுதான் முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பாக்ஸ் சத்தம் போடவில்லை. பின்னாளில் இன்னோவா ஜோடிக்கு மாறியதே இந்த வேலையை மூன்றாம் முறை செய்யப் பயந்துதான்.

ஜாயிண்ட் ஷாப்ட் வெட்டி, நீளம் மாற்றி, பேலன்ஸ் செய்ய சேலம், சங்ககிரி, நாமக்கல் பக்கத்தைவிட நல்ல இடம் கிடையாது. லாரிக்குச் செய்கிற கைகளுக்கு இது விளையாட்டு. பாக்ஸின் வால் ஷாப்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையான கோணத்தில் இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் பாருங்கள், இல்லாவிட்டால் ஷாப்ட் முனை ஜாயிண்டான கிராஸ் சீக்கிரம் போகும். முன்பக்கக் கிராஸுக்குப் பின்னால் ஷாப்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் கட்டாயம். ஓடும்போது கிராஸ் உடைந்தால் ஷாப்ட் தரையில் குத்தி நிற்கும், கார் அதன் மேல் எழும்பும். பெல் ஹவுசிங்கைச் சுற்றியும் இரும்புக் கவசம் போடுங்கள்; உடைந்த கிளட்ச் முதலில் வருவது உங்கள் காலுக்குத்தான்.

அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்கள் பின்பக்க ஸ்பிரிங் பட்டையைப் பாருங்கள். கிளட்சை விட்டதும் ஹவுசிங் மூக்கைத் தூக்கி, பட்டை எஸ் வடிவில் முறுக்கிக்கொள்ளும், டயர் குதிக்கும். ஹவுசிங்கிலிருந்து முன்னோக்கி ஒரு பிடிகம்பி போட்டால் அடங்கும். இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃப்பரன்ஷியலின் ஸ்பைடர் கியரை வெல்டிங் வைத்துப் பூட்டுவது மலிவான வழி. நேராக மட்டும் ஓடும் காருக்குச் சரி, திருப்பத்தில் ஆக்ஸில் ஷாப்டை முறித்துவிடும்.

எங்கே ஓட்டுவது

சீலநாயக்கன்பட்டி பைபாஸில் இல்லை. ஏற்காடு மலைப்பாதையிலும் இல்லை. எஞ்சின் மாற்றிய காரை ரோட்டில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், பந்தயத் தடத்துக்கு மட்டும் என்றால் வண்டியில் ஏற்றிக் கொண்டு போங்கள். கோவை செட்டிபாளையம் காரி ஸ்பீட்வேயும் சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டை டிராக்கும் நமக்குப் பக்கம். இந்திய மோட்டார் பந்தயங்களின் தலைமை அமைப்பான எப்.எம்.எஸ்.சி.ஐ. அங்கீகரித்த போட்டிகளில் ஓட்டுங்கள். ஹெல்மெட், பெல்ட், ரோல் கேஜ் விதிகளைப் போட்டிக்கு முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள்.

முதல் சீட்டைப் படிப்பது

ஓட்டம் முடிந்ததும் நேரச் சீட்டு கிடைத்தால் எல்லோரும் கடைசி வரியைப் பார்ப்பார்கள். நீங்கள் முதல் 60 அடி நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். அது மோசம், கோட்டு வேகம் மட்டும் கணக்குப்படி வந்தால், எஞ்சின் சரி. முதல் கியர், டயர் காற்று, கிளட்ச் விடும் கால், இந்த மூன்றில் ஒன்று தவறு. முதலில் டயர் காற்றை இரண்டு பவுண்டு இறக்கிப் பாருங்கள், செலவில்லாதது அதுதான். 60 அடி நன்றாக வந்து கோட்டு வேகம் குறைந்தால் எஞ்சினிடம் போங்கள்: ஜெட், டைமிங், ஆக்சிலரேட்டர் கேபிள் முழுதாகத் திறக்கிறதா. கேபிளைச் சொன்னால் சிரிப்பார்கள். என் காரில் அது முக்கால்தான் திறந்துகொண்டிருந்தது, இரண்டு போட்டி வரை.

இரண்டும் சரியாக வந்து மொத்த நேரம் மட்டும் குறையவில்லை என்றால், நடுவில் கியர் மாற்றும்போது இழக்கிறீர்கள். பக்கத்தில் நிற்பவரை ஃபோனில் சத்தத்தை மட்டும் பதிவு செய்யச் சொல்லுங்கள். மாற்றும்போது எஞ்சின் எங்கே விழுகிறது, திரும்ப எழ எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காதாலேயே கேட்கலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், அதை நோட்டில் எழுதுங்கள், வெயில் எவ்வளவு என்பதையும் சேர்த்து. ஏப்ரல் மத்தியானம் ஓடின சீட்டையும் டிசம்பர் காலை ஓடின சீட்டையும் பக்கத்தில் வைத்து, எந்த மாற்றத்தால் வேகம் வந்தது என்று தேடி இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டவன் சொல்கிறேன்.